நல்லது, விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்

செஞ்சியில் எனக்குக் கொடுத்த விடுதி அறை மூன்றாவது மாடியில் இருந்தது. பெட்டியோ நல்ல கனம். "மின்தூக்கி வேலை செய்கிறதா?" என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கரண்ட்டெல்லாம் இருக்குதும்மா. இன்னிக்கு கட்டு கெடையாது" என்றார். பெட்டியை நானே தூக்கிக்கொண்டு படியேறினேன்.

சிங்கப்பூரில் நான் வசிக்கும் அடுக்குமாடியில் லிஃப்டின் பக்கத்தில் மின்தூக்கி என்றுதான் எழுதியிருக்கும். சின்ன வயதிலிருந்து அதைப் படித்து வளர்ந்தவள் நான். பள்ளியில் தமிழுக்கு ஆண்டுதோறும் பரிசு வாங்கியவள். ஐம்பத்து நாலு வயதாகியும் அந்தத் திமிர் போகவில்லை. செஞ்சியில் ஒரு வாரத்தில் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஆங்கிலத்தில் ஒரு படிவம் இருக்கிறது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டங்கள். கட்டுமான வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்களிடம் கேட்க, அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்றார்கள். முதலில் யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்ததில், "கடந்த இரண்டு வாரங்களில் கீழே இறங்கியதாக உணர்ந்தீர்களா?" என்று இருந்தது. சாரத்தில் நின்று வேலை செய்யும் ஒருவர், "ஆமாங்க, தெனம் சாயந்தரம் அஞ்சரைக்கு எறங்குவோம்" என்று பதில் சொன்னார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் திருத்தி எழுதினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத தமிழ். அந்தத் தமிழில் கேட்டபோது எல்லாரும் "இல்லவே இல்லை" என்ற முதல் கட்டத்திலேயே குறி போட்டார்கள். அவர்களில் ஒருவரை அடுத்த வாரமே எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துவிட்டார். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்றைக்கே கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?" என்றேன். "நீங்க கேட்டது எனக்குப் புரியல மேடம்" என்றார். அவருக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம்.

அதனால்தான் செஞ்சி. சொற்களை அவை புழங்கும் இடத்திலேயே போய்ச் சரிபார்த்து வா என்று என் மேலதிகாரி அனுப்பினார்.

முதல் நாள் மாலை மலர்க்கொடி வந்தாள். இந்தப் பக்கத்துப் பெண். முப்பத்தொரு வயது. சமூகப்பணி படித்துவிட்டுச் செஞ்சியில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் வேலை பார்க்கிறாள். எனக்கு உதவியாக அந்த அமைப்பு அவளைக் கொடுத்திருந்தது. ஸ்கூட்டியின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு நேராக ஒரு மெஸ்ஸுக்குப் போனாள். கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊர்க் கோப்பிக்கடையில் மீன்தலைக் கறி சாப்பிட்டுவிட்டு அதுதான் காரம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மலர்க்கொடி என் படிவத்தை இடது கையில் பிடித்துப் படித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"நல்லா இருக்குது மேடம். ஆனா இது பேப்பர் தமிழு. நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குது."

"தப்பு எங்கேயாவது இருக்கிறதா?"

"தப்பே இல்ல. அதான் பிரச்சன."

எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். இருபது பெண்கள் இருப்பார்கள். மண்வெட்டிகளை ஓரமாகப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். எதிரே பாறை பாறையாக அடுக்கி வைத்த மாதிரி மலை, அதன் உச்சியில் கோட்டைச் சுவர். "கோட்டைக்குப் போனீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இல்லை என்றதும் என்மேல் ஒரு பரிதாபம் வந்துவிட்டது. சிங்கப்பூர் என்றதும் அடுத்த கேள்வி, "எங்க வூட்டுக்காரர அங்க பாத்திருக்கீங்களா?" மூன்று பேர் கேட்டார்கள். சின்ன ஊர்தான், ஆனால் அவ்வளவு சின்ன ஊரில்லை என்றேன்.

படிவத்தை எடுத்து வாசித்தேன்.

"உங்களை ஒரு தோல்வியாளராகக் கருதியதுண்டா?"

"பத்தாவதுல போய்ட்டேன். கணக்குல" என்றாள் ஒருத்தி.

"எதிர்காலம் குறித்து நம்பிக்கையின்றி இருக்கிறீர்களா?"

"நம்பிக்கையெல்லாம் நெறைய இருக்குதும்மா. வருசா வருசம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்ட்டு வரேன்."

"அன்றாடச் செயல்களில் ஆர்வம் குறைந்திருக்கிறதா?"

"ஆர்வமா வெட்டலன்னா அளவு வராது. அளவு வரலன்னா யாரு உடுவாங்க?"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. மலர்க்கொடி மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "அக்கா, எந்த வேலயும் புடிக்காம, எல்லாமே ச்சீன்னு இருக்குதா? எதுக்குடா எழுந்திரிக்கணும்னு இருக்குதா?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றுபோனது. ஒருத்தி புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். கணக்கில் போனேன் என்ற பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அது இல்லாத நாளு எது?"

முப்பது வருட வேலையில் என் படிவம் எதுவும் அப்படி ஒரு பதிலைக் கொண்டு வந்ததில்லை. அதன் பிறகு அவர்கள் சொன்னவற்றை எழுத என் கை போதவில்லை. நெஞ்ச அடைக்குது. கை கால் ஓய்ஞ்சு போவுது. சோறு எறங்கல. ஒரே டென்சன். இந்த டென்சன் என்ற சொல்லுக்குள் கோபம், கவலை, பயம், தூக்கமின்மை எல்லாம் அடக்கம். "டென்சன்னு போட்டுடுங்க மேடம், பாதிப் படிவம் அதுலயே முடிஞ்சிடும்" என்றாள் மலர்க்கொடி. கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டிலிருந்து அவித்த மல்லாட்டை கொண்டு வந்தார்கள். வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். உரித்துத் தின்றுகொண்டே எட்டுக் கேள்விகளை மாற்றி எழுதி முடித்தோம்.

மிச்சம் இரண்டு. ஒன்பதாவது, சாவைப் பற்றியது: "உயிர் வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஏற்பட்டதா?" பத்தாவது, ஏதாவது சிகிச்சை எடுக்கிறீர்களா என்பது. "ஒம்பதாவத எப்படிக் கேக்கறதுன்னு தனியா உக்காந்து பேசணும் மேடம்" என்றாள் மலர்க்கொடி. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, எனக்குத் தலைவலி. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். சோம்பல்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் தொண்டூரைத் தாண்டி ஒரு சிற்றூருக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே நான் பேசிய பெண்ணுக்கு அம்சவல்லி என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். முப்பத்தாறு வயது. ஆறாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல் இடம். சுவரில் எங்கள் ஊர்க் கடற்கரையில் கணவர் தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. தனியாகப் பேச வேண்டும், தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஊர்க்காரி முன்னால் மனதில் இருப்பதைச் சொல்ல வெட்கப்படுவார்கள் இல்லையா? மலர்க்கொடியை வெளியே புளியமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி அடக்கினேன்.

முதல் எட்டுக் கேள்விகளுக்கு அம்சவல்லி தடுமாறாமல் பதில் சொன்னாள். தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. அவர் முன்பெல்லாம் தினமும் கூப்பிடுவார், இப்போது மாதத்துக்கு ஒரு தரம், அதுவும் குழந்தைகளோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறார். எல்லாவற்றுக்கும் கடைசிக் கட்டத்தில் குறி விழுந்தது. ஒன்பதாவதை என் பரிசுத் தமிழில் கேட்டேன்.

சுவரில் இருந்த கணவரின் படத்தைப் பார்த்தாள். பிறகு, "மருந்து வச்சிருக்கேன்" என்றாள்.

பத்தாவது கேள்விக்குத் தானாகவே தாவிவிட்டாள் என்று நினைத்தேன். ஒன்பதுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது, வற்புறுத்தக் கூடாது என்பதும் விதிதான். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

"எவ்வளவு நாளாக?"

"ரெண்டு மாசமா இருக்குது."

"யார் கொடுத்தது?"

"யாரும் குடுக்கல. நானே செஞ்சில கடையில வாங்கனேன்."

மருத்துவர் சீட்டில்லாமல் எதை வேண்டுமானாலும் கடையில் விற்கிறார்களே என்று மனதுக்குள் இந்த நாட்டைத் திட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் நடக்குமா?

"தினமும் எடுக்கிறீர்களா?"

"எடுத்துப் பாப்பேன். அப்பறம் வச்சிடுவேன். புள்ளைங்கள நெனச்சா மனசு வர மாட்டேங்குது."

இது எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட பதில். மாத்திரை போட்டால் தூக்கம் வரும், குழந்தைகளைக் கவனிக்க முடியாமல் போகும் என்று பயந்து பாதியில் நிறுத்துகிற தாய்மார்களை வாரம் இரண்டு பேராவது பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே இவளுக்கும் சொன்னேன். குரலில் கொஞ்சம் கண்டிப்பும் சேர்த்துக்கொண்டேன்.

"அப்படித் தயங்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லது. பயப்படாதீர்கள், மருந்து கையில் இருப்பது நல்லது. விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்."

என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்களே சொல்றீங்களா?" என்றாள்.

"ஆமாம், நான்தான் சொல்கிறேன்."

தலையை ஆட்டினாள். எழுந்து போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பும் பெருங்காயமும் போட்ட நல்ல மோர். முகம் தெளிந்திருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு குடித்தேன். தாளின் அடியில் எழுதினேன்: சிகிச்சையில் இருக்கிறார். மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை. அறிவுறுத்தப்பட்டது.

செஞ்சிக்குத் திரும்பி, சாம்பார் சாதம் சாப்பிட்டு, அமைப்பின் அலுவலக அறையில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்தபோது மணி மூன்று. மலர்க்கொடி மேசையில் காலைத் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அம்சா அக்கா இன்னா மாத்திர சாப்புடறாங்க? எனக்குத் தெரியாதே."

"பெயர் கேட்கவில்லை. கடையில் வாங்கி வைத்திருக்கிறாளாம்."

"அவங்க எப்படிச் சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க. அவங்க வார்த்தையில."

சொன்னேன். மருந்து வச்சிருக்கேன். எடுத்துப் பாப்பேன். புள்ளைங்கள நெனச்சா மனசு வரல. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

அதையும் சொன்னேன்.

"ஐயோ மேடம்." ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டே பேசினாள். "இங்க ஒடம்புக்குத் திங்கறது மாத்திர. இல்லன்னா ஊசி, டானிக்கு. மருந்து வச்சிருக்கேன்னு ஒரு பொம்பள சொன்னா அது வயலுக்கு அடிக்கிறது. மருந்து குடிச்சிட்டான்னா செத்துட்டான்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. மருந்தகம், மருந்துச் சீட்டு, மருந்தை வேளாவேளைக்கு உட்கொள்ளவும் என்று பலகைகளில் படித்து வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லின் இந்தப் பக்கம் தெரியவே இல்லை. பூச்சிமருந்தை வாங்கி இரண்டு மாதமாக ஒளித்துவைத்து, எடுப்பதும் வைப்பதுமாக இருந்த ஒருத்தியிடம், நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது, தள்ளிப்போடாதே என்று சொல்லிவிட்டு அவள் வீட்டு மோரையும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். வாசலில் போய் வாந்தியெடுத்தேன்.

அம்சாவின் போன் மணியடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பினால் பின்சக்கரத்தில் காற்றில்லை. மலர்க்கொடி தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தாள். செஞ்சியைத் தாண்டியதும் முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். சுமை சாலையின் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. ஆட்டோக்காரர் ஆரன் அடித்தார். டிராக்டர்காரர் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, அவசரமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒரு அக்கா வூட்ல மருந்து வச்சிருக்காங்கண்ணா" என்றாள் மலர்க்கொடி.

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை மண்ணில் இறக்கி, முள்ளை உரசிக்கொண்டு டிராக்டரைத் தாண்டினார். ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது அவருக்கு. ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது, பரிசு வாங்கிய எனக்கு மட்டும் தெரியவில்லை. வழியெல்லாம் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

தெருமுனையிலேயே எண்ணெய் வாசம் வந்தது. வீட்டு வாசலில் இரண்டு குழந்தைகளும் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து மெதுவடை தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் கிண்ணத்தில் சேமியா பாயசம். உள்ளே அம்சா வாணலி முன்னால் நின்றிருப்பது தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. வடை சுடுகிற வீட்டில் இனி என்ன பயம் என்று ஆட்டோவிலேயே சாய்ந்துவிட்டேன்.

மலர்க்கொடி இறங்கி ஓடினாள். சின்னவளிடம் குனிந்து, "இன்னிக்கு இன்னா விசேசம் பாப்பா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அம்மா சும்மா செஞ்சுது. இன்னிக்கு எவ்ளோ வேணா சாப்டலாம்னு சொல்லுச்சு. நைட்டு மாமா வருது, எங்கள ஆயா வூட்டுக்குக் கூட்டினு போவ."

மலர்க்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வடையையும் நான் தப்பாகத்தான் படித்திருந்தேன்.

உள்ளே போனோம். அடுப்பை அணைத்தது மலர்க்கொடிதான். நான் அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மாவும் எண்ணெயுமாக இருந்தது. "நான் மாத்திரை என்று நினைத்துச் சொன்னேன். எனக்கு உங்க ஊர்ப் பேச்சு தெரியாது. சத்தியமா தெரியாதும்மா. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். என் தமிழ் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குலைந்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நீங்க போனப்பறம் யோசிச்சேன். தெரியாமதான் சொல்லியிருப்பீங்கன்னு தோணுச்சு" என்றாள். "ஆனா கேட்டப்ப நெசமாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசமா குடிக்கிறதா வேணாமான்னு நானே முட்டிக்கினு இருந்தேன். படிச்சவங்க, டாக்டரு மாதிரி, சிங்கப்பூர்ல இருந்து வந்து சொல்றாங்களேன்னு ஒரு நிம்மதி வந்துச்சு. முடிவு பண்ற வேல எனக்கு இல்லன்னு."

"அத எடுங்கக்கா" என்றாள் மலர்க்கொடி.

"வேணாம் மலரு. அது வூட்ல இருக்குதுன்ற தைரியத்துலதான் இத்தினி நாளு ஓட்டனேன். அதுவும் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று முப்பது வருடமாக மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். அங்கே மலர்க்கொடிதான் தரையில் உட்கார்ந்தாள். அம்சாவையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "எங்கிட்ட இருக்கட்டும்க்கா. தூக்கிப் போடமாட்டேன். ஓங்க பேரச் சொல்லி வச்சிருக்கேன். திருப்பிக் கேக்கணும்னு தோணுச்சுன்னா எனக்குப் போன் போடுங்க. எந்நேரமானாலும் வருவேன். வந்து பக்கத்துல உக்காருவேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வாணலியில் எண்ணெய் ஆறிப்போனது. பெரியவள் எட்டிப் பார்த்து, "அம்மா, இன்னொரு வட?" என்று கேட்டாள். அப்போதுதான் அம்சா எழுந்தாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் பையின் காதை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் அவள் தம்பி வந்தார். குழந்தைகளை அழைத்துப் போக வந்தவரிடம் மலர்க்கொடி வாசலில் வைத்து விவரம் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அன்றைக்கு யாரும் எங்கும் போகவில்லை. அவரும் அங்கேயே தங்கினார்.

மறுநாள் காலை பேருந்தில் அம்சாவை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம். மனநல மருத்துவர் பொறுமையாகப் பேசினார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை வாங்கும் இடத்தில் இருந்தவர், "மருந்த விடாம சாப்டணும்மா" என்றார். அம்சா என்னைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. என்னால் சிரிக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்தேன். டீயை மட்டும் குடித்தாள்.

ஊருக்குப் போன் போட்டு, திரும்புவதை நாலு நாள் தள்ளி வைத்தேன். மேலதிகாரி காரணம் கேட்டார். ஒன்பதாவது கேள்வி சரியில்லை என்றேன். ஒரு கேள்விக்கா நாலு நாள் என்றார். ஆமாம் என்றேன்.

புதிதாக எழுதிய கேள்வி இதுதான்: மருந்து குடிச்சிடலாமான்னு நெனப்பு வருதா? பத்தாவதில் மருந்து என்ற சொல்லையே எடுத்துவிட்டு, மாத்திரை, ஊசி ஏதாவது எடுக்கறீங்களா என்று போட்டோம். இன்னொன்றும் சேர்த்தேன். ஒன்பதாவதுக்கு ஒருவர் என்ன சொன்னாலும் அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும், உள்ளூர்க்காரர் ஒருவர் அதை அப்போதே படிக்க வேண்டும். எழுதி முடித்ததும் மலர்க்கொடி படித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்குது மேடம்" என்றாள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் வரவில்லை.

அந்த நாலு நாளும் தினமும் சாயங்காலம் அம்சா வீட்டுக்குப் போனோம். தினமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதல் நாள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இரண்டாம் நாள் வருது என்றாள். மூன்றாம் நாள், மதியத்துல வருது, புள்ளைங்க வந்தா போய்டுது என்றாள். யாரிடமாவது இதற்கு முன்னால் சொல்லியிருக்கிறாளா என்று கேட்டேன். "யாரும் கேக்கலியே" என்றாள். அவள் தம்பி அவள் கணவருக்கு விவரம் சொல்லியிருந்தார். கணவர் ஒரு தரம் கூப்பிட்டார். அம்சா பேசவில்லை, குழந்தைகள் பேசினார்கள்.

கிளம்பும் நாள் காலையில் சொல்லிக்கொள்ளப் போனேன். பெட்டியும் என்னோடுதான் இருந்தது. அந்த ஊரிலேயே பேருந்தேறிச் செஞ்சி போய், அங்கிருந்து சென்னை. நிறுத்தத்துக்கு மலர்க்கொடி, அம்சா, நான் மூன்று பேரும் நடந்து வந்தோம். பெட்டியை ஒரு பக்கம் அம்சாவும் பிடித்துக்கொண்டாள். சின்னவளுக்கு இடது கைப் பழக்கம், டீச்சர் திட்டுகிறார் என்றாள். இந்த வருடம் மல்லாட்டையில் காய் பிடிக்கவில்லை என்றாள். இனிமேல் மலர்க்கொடி நாள் விட்டு நாள் வருவாள், விழுப்புரத்துக்கு அடுத்த மாதம் தம்பி அழைத்துப் போவார் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளுக்குச் சொன்னேனா எனக்குச் சொல்லிக்கொண்டேனா தெரியவில்லை.

நிறுத்தத்தில் பெட்டியைக் கீழே வைத்ததும், "இன்னிக்கு நீங்க கேக்கவே இல்லியே" என்றாள்.

உண்மையில் எனக்குப் பயம். நல்ல பதிலோடு ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை. கேட்காமல் போனால் அந்த ஆசையாவது மிஞ்சும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெனப்பு வருதாம்மா?" என்றேன்.

"வருது" என்றாள்.

நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தாள். குனிந்து பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"பஸ்ஸும் வருது பாருங்க. ஏறுங்க" என்றாள்.

ஏறினேன்.